இருபத்து மூன்று நாள் செவிடு

லேத் பட்டறையில் அவரை 'ம் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் 'ம்' என்பார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்றாலும் 'ம்', கூரை ஒழுகுகிறது என்றாலும் 'ம்'. ஆனால் இரும்பு பேசினால் மட்டும் அவருடைய காது விழித்துக்கொள்ளும். நான்கு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவதின் பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்துவிட்டது என்பதை இருந்த இடத்திலிருந்தே சொல்லுவார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

வீட்டில் பேசுவதற்கு மனைவி இருந்தாள். அவள் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஊரார் கடிதங்களைத் தொட்டுத் தொட்டு, சாயங்காலம் வீடு திரும்பும்போது சொல்வதற்கு அவளிடம் ஒரு மூட்டைச் செய்தி இருக்கும். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் மூச்சு விடும் இடங்களில் ஒரு 'ம்' போடுவார். கதை கேட்பவன் 'ம்' கொட்ட வேண்டும் என்பார்களே, அதை முப்பது வருஷம் ஒரு குறையும் வைக்காமல் செய்தார். கொட்டியது வாய் மட்டும்தான். மனசு பட்டறையில் பாதி கடைந்து வைத்த ஏதோ ஒரு தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் அவருக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததில்லை. கெட்ட பழக்கம் கிடையாது, கை நீட்டியதில்லை, ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டதில்லை. நல்ல புருஷன் என்று ஊரே சொன்னது. அவரும் நம்பினார்.

ஒரு வியாழக்கிழமை காலை எழுந்தபோது உலகம் பஞ்சுக்குள் போயிருந்தது. நாலைந்து நாளாகச் சளி. அதோடு சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காதில் குறும்பி அதிகம். இரண்டும் கூட்டுச் சேர்ந்து காதுகளை அடைத்துவிட்டன. சமையலறையில் மனைவியின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. எந்த இடத்தில் 'ம்' போடுவது என்று புரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிஷம் 'ம்' வராததில் அவள் கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். ஏதோ கேட்டாள். அவர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அவள் அவருக்குப் பின்னால் போய்க் கை தட்டிப் பார்த்தாளாம்; அவர் திரும்பவில்லை. அவ்வளவுதான், அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. முப்பது வருஷ இரும்புச் சத்தம் மனுஷனுடைய காதைத் தின்றுவிட்டது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு உடனே போன் போனது. மகள் பெரிய மருத்துவமனையில் பேசி, காது பரிசோதனைக்குத் தேதி வாங்கினாள். மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது.

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். பேசுவதற்கு முன்னால் அவருடைய தோளைத் தொடுவாள். எதிரில் வந்து உட்கார்ந்து, உதட்டை மெல்ல அசைத்துப் பேசுவாள். நீளமான விஷயமாக இருந்தால் பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாள். சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அவரை அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

ஆறு நாள் அப்படிப் போனது. ஏழாம் நாள், புதன்கிழமை காலை, வெந்நீரில் குளிக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்தார். காதுக்குள் 'டப்' என்று ஏதோ விட்டது. மறு பக்கம் சாய்த்தார், அதுவும் விட்டது. வாளியில் குழாய் சொட்டுவது கோயில் மணி அடிப்பதுபோலக் கேட்டது. பாதி துவட்டியும் துவட்டாமலும், இடுப்பில் துண்டோடு, அவளிடம் சொல்ல ஓடினார்.

அவள் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். யாரிடமும் இல்லை, பால் பொங்குவதைப் பார்த்தபடி.

"மூணு மாசமா ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன். யாருக்காவது தெரியுமா? சொன்னேன். 'ம்'னாரு. அந்த 'ம்' சும்மான்னு எனக்குத் தெரியாதா என்ன? சும்மாவா இருந்தாலும் வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு, பாவம்."

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பரீட்சையா? என்ன பரீட்சை? அவள் திரும்பினாள். அவரைப் பார்த்ததும் சிரித்து, கிட்டே வந்து, ஈரத்தோளில் கை வைத்து, டீ வேண்டுமா என்று வாயசைத்துக் கேட்டாள். சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். தோளில் கை அப்படியே இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடித் தலையை ஆட்டினார்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பொய் சொல்லத் தெரிய வேண்டும் என்பதில்லை. உண்மையை ஒரு நாள் தள்ளிப் போட்டாலே போதும், மிச்சத்தைப் பொய் பார்த்துக்கொள்ளும்.

செவிட்டுப் புருஷன் இருக்கும் வீட்டில் அவள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள். முன்பு அவரிடம் பேசியவள் இப்போது தன்னிடமே பேசினாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, அவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு. அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பேரிங்குக்குக் கொடுக்கும் காதை முதல்முறையாக அவளுக்குக் கொடுத்தார்.

கேட்கக் கேட்க அவருக்குத் தலை சுற்றியது. அவள் ஸ்டாம்பு விற்கும் கவுண்டரில் இருக்கிறாள் என்றுதான் நேற்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மாதத்துக்கு முன்பே அவளைப் பின்னறையில் கடிதம் பிரிக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஜன்னல் இல்லை. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. வலது முட்டி படியேறும்போது மூன்றாவது படியில்தான் வலிக்க ஆரம்பிக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெண் நல்லவள், ஆனால் இவளுடைய குடையைக் கடன் வாங்கிப் போய் மாதக்கணக்காகிறது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்னக் கிளை இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளராக ஆள் எடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்சல்கள் வருகிற கிளை என்பதால் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுத வேண்டும். அதற்குத்தான் படிப்பு. இதையெல்லாம் அவரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். எருமை மாட்டின்மேல் மழை பெய்தாற்போல எல்லாம் வழிந்தோடியிருக்கிறது.

ஒரு சாயங்காலம் அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"ஹியர்னா காதுல விழறது. லிசன்னா காது குடுத்துக் கேக்கறது. வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக." கொஞ்சம் யோசித்தாள். "ஐ ஹியர் த ரெயின். ஐ லிசன் டு த ரேடியோ." பென்சிலைக் கடித்தபடி அவர் பக்கம் பார்த்தாள். "மை ஹஸ்பண்ட் ஹியர்ஸ் மீ. சே, இப்ப அதுவும் தப்பு. மை ஹஸ்பண்ட் டஸ் நாட் ஹியர் மீ. முன்னாடி? முன்னாடி, ஹி டிட் நாட் லிசன்." பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். "நம்ம பாஷையில ரெண்டுக்கும் கேக்கறதுதான். இடிச் சத்தமும் கேக்கும், பொண்டாட்டி பேச்சும் கேக்கும். அதான் இவரு இத்தனை வருஷமா தப்பிச்சுக்கிட்டாரு. இங்கிலீஷ்காரனாப் பொறந்திருந்தா என்னிக்கோ மாட்டியிருப்பாரு."

அவருக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிப் பேப்பருக்குப் பின்னால் ஒளித்தார். இருமல் அடங்கியபோது சிரிப்பும் அடங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய அடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அவள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். காலர் மடிப்பைத் தேய்த்தபடி, வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அன்னிக்கு அந்த ரெண்டாவது பஸ்ல ஏறிப் போயிருந்தேன்னா, இப்ப இந்த மனுஷனை யாரு பாத்துக்குவா?"

சட்டையைத் திருப்பிப் போட்டாள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்றாள். பையோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தது இவருக்கு இன்றுவரை தெரியாது என்றாள். பிறகு சட்டைக் கையில் ஒரு பட்டன் ஆடுகிறது என்று ஊசி தேடப் போய்விட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலற முடியாது. அவர் மூடிய கண்ணைத் திறக்காமலே கிடந்தார். எந்த பஸ்? எந்த நாள்? நான் அன்று என்ன செய்துகொண்டிருந்தேன்? எதுவும் கேட்க முடியாது; கேட்டால் கேட்டது தெரிந்துவிடும்.

பரிசோதனைக்கு முந்தின நாள் வியாழக்கிழமை, அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். எழுதி முடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தாள். கணவருக்குக் காது கேட்காமல் போய்விட்டபடியால், அக்கரைக் கிளைக்குப் போய்வருவது தனக்கு இயலாது என்றும், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தேர்விலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படியும் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு, மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

தோளில் ஒரு கை வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்ட செவிடு அவளுடைய மூன்று மாதப் படிப்பின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று அன்று மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் மனைவியை வெளியே நடைபாதை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பரிசோதிக்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவரைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். பீப் என்று கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்ததைக் காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

இன்னும் தைரியம் வரவில்லை. இங்கே மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தால், ராத்திரிக்குள் தானே சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டார். சத்தங்கள் வந்தன. அழுத்தாமல் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். பலமாக வந்த பீப்களைத் தாண்டுவது கஷ்டமாக இல்லை. ஆனால் போகப் போகச் சத்தம் மெலிந்தது. எறும்பு நடப்பதுபோல, எங்கோ தொலைவில் ஒரு ஆணி சுழல்வதுபோல ஒன்று வந்தது. முப்பது வருஷமாக அப்படிப்பட்ட சத்தத்துக்குத்தான் அவர் காத்திருந்து பழகியவர். கட்டைவிரல் அவரைக் கேட்காமலே அழுத்திவிட்டது. அடுத்ததுக்கும் அழுத்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"பூனை நடந்தா கேக்குது, யானை பிளிறினா கேக்கலை. பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன், இப்படி ஒரு காதை இப்பத்தான் பாக்கறேன் ஐயா" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குறும்பி, வெந்நீர், தோள், பரீட்சை, கடிதம். பஸ்ஸை மட்டும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், மெஷின் காட்டுவதைத்தான் தன்னால் எழுத முடியும் என்றாள். மறுபடி ஒழுங்காகச் சோதித்து, தாளில் இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன என்று எழுதி, அவர் கையிலேயே கொடுத்தாள். வெளியே இருக்கும் அம்மாவிடம் யார் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாளில் வராது என்றும் சொன்னாள்.

அவர் வெளியே வந்தபோது மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். தோளைத் தொட்டு, என்ன சொன்னார்கள் என்று வாயசைத்தாள்.

"சாதாரணமாவே பேசு" என்றார். "எனக்குக் கேக்குது."

அவள் முகம் மலர்ந்ததே, அதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. "அதுக்குள்ளயா? மருந்து ஏதாவது விட்டாங்களா? நல்லா கேக்குதா?" என்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம், "இவருக்குக் கேக்குதாம்" என்று சொல்லக்கூடச் செய்தாள்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில் அவர் சொன்னார்: "இன்னிக்கு இல்லை. பதினேழு நாளாவே கேக்குது. முதல் ஆறு நாள்தான் நிஜம்."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் தனியா பேசிக்கிட்டதெல்லாம்?"

"கேட்டேன்."

அவள் நடைபாதையின் அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுத் திரும்பினாள். குரல் உயரவில்லை. "முப்பது வருஷமா உங்ககிட்ட சொன்னதை நீங்க கேக்கலை. சொல்லாததைப் போய் ஒளிஞ்சு கேட்டிருக்கீங்க."

அவள் நடந்தாள். அவர் பின்னாலேயே நடந்தார். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அதில் பையை வைத்துக்கொண்டாள். அவர் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து அவளுடைய பின்கழுத்தைப் பார்த்தபடி வந்தார்.

அன்று மாலையும் சனிக்கிழமை பகலும் அந்த வீட்டில் ஒரு பேச்சு இல்லை. அவளுடைய பேச்சு நின்றால் வீட்டில் இத்தனை சத்தங்கள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜ் உறுமியது, கதவுக் கீல் முனகியது, மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டார். கீலுக்கு எண்ணெய் விட்டார். சமையலறைக் கதவு உள்பக்கமாகச் சாத்தியிருந்தது. அதை அவர் தொடவில்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது. அவளுடைய தட்டு உள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னென்ன கேட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். இயந்திரத்தைப் பிரித்துப் போட்டால் எந்த வரிசையில் கழற்றினோமோ அந்த வரிசை அவருக்கு மறக்காது. அப்படியே நாள் நாளாகச் சொன்னார். பாலைப் பார்த்துச் சொன்னது. ஜன்னல் இல்லாத அறை. மூன்றாவது படி. குடை. மகளிடம் போனில் கோபமாகப் பேசிவிட்டு அப்புறம் வருத்தப்பட்டது. பாட்டு ஒன்றின் இரண்டாவது அடி ஞாபகம் வராமல் நாலு நாள் முதலடியையே பாடிக்கொண்டிருந்தது. அலுவலகத்து மேலதிகாரிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டாம்பு மூஞ்சி' என்பது.

"ஸ்டாம்பு மூஞ்சி இல்லை, சீல் மூஞ்சி" என்று அவள் திருத்தினாள். "யாரோ ஓங்கிக் குத்தின மாதிரியே இருப்பாரு." சொல்லிவிட்டு, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆங்கில வாக்கியங்களையும் சொன்னார். அவருடைய வாயில் அவை உடைந்து உடைந்து வந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அதை நான் எடுத்தது தப்பு. எடுத்த இடத்துலயே வச்சிடறேன். நீயா என்னிக்காவது சொன்னா கேக்கறேன். சொல்லலைன்னாலும் சரி."

எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேஜை விரிப்பின் ஓரத்தை நேராக்கினாள். நேராக இருந்ததையே மறுபடி நேராக்கினாள். பிறகு சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மகள் படிக்கப் போன புதிது. இவளுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பரிசோதனைக்குப் போகப் போகிறேன் என்று ஒரு திங்கட்கிழமை அவரிடம் சொன்னாள். அவர் 'ம்' என்றார். போய் ஊசி குத்தி எடுத்தார்கள். வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. வந்து சொன்னாள். அதற்கும் 'ம்'.

"ரெண்டும் ஒரே 'ம்'. அதுல ஒரு வித்தியாசம் இல்லை. மறுநாள் சாயங்காலம் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். முதல் பஸ்ஸை விட்டேன். ரெண்டாவது கிளம்பறப்பதான் கைப்பைக்குள்ள சாவி தட்டுப்பட்டுச்சு. அப்ப வீட்டுக்கு ஒரே சாவி. நீங்க ஏழு மணிக்கு வந்து வாசல்ல நிப்பீங்களேன்னு வந்துட்டேன்."

"நின்னுதான் இருப்பேன்" என்றார் அவர்.

"விடிய விடிய நின்னிருப்பீங்க. பக்கத்து வீட்டுல போய் விசாரிக்கக்கூட உங்களுக்குத் தெரியாது."

மன்னிப்பு என்ற சொல் இருந்தது. அதை இந்த இடத்தில் வைத்தால் மிகச் சின்னதாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் அவர் கேட்டார்:

"கட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்."

"ஊசி வலிச்சுதா?"

"வலிச்சுது."

"கூட யாரு வந்தாங்க?"

"யாரும் வரலை" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடியில் நாற்காலியை மறுபடி இழுத்தார்கள். அது அவருக்குக் கேட்கவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்தவளிடம், கடிதம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவளும் அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்தாள். மடித்தது மடித்தபடி உள்ளேயே இருந்தது. நேற்று அலுவலக வாசலைத் தாண்டித்தான் பஸ் வந்தது. இருந்த கோபத்தில் இறங்க வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. ஐந்து மணி போய் இருபத்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அவளுடைய பெயர் பட்டியலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே அவளை அழைத்துக்கொண்டு போனார். ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. எதிரே இருந்த சைக்கிள் கடைத் திண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவள் மூன்றாம் கேள்வியை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பக்கத்துப் பெண்ணின் பேனா ஒழுகி அவள் புடவையெல்லாம் நீலமானதைச் சொன்னாள். கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பே புரியவில்லை, புரிந்ததுபோல இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன் என்றாள். என்ன எழுதினாய் என்று அவர் கேட்டார். பஸ் நிறுத்தம் வரும்வரையும், பஸ் வந்த பிறகும், இறங்கி வீட்டுப் படியேறும்வரையும் அவள் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாவது படியிலேயே அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினாள். அடுத்த மாதம் அக்கரைக் கிளை அவளுடையதானது.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. 'ம்' கொட்டிய காலத்தில் அந்த வீட்டில் சண்டை கிடையாது. காது கொடுக்க ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு இரண்டு. கேட்கிற மனுஷன் மறுத்தும் பேசுவான் அல்லவா? மகளிடம் அவள் போனில் குறைப்பட்டுக்கொண்டாள்: உங்கப்பா நடுவுல நடுவுல கேள்வி கேட்டே என் பேச்சைக் கெடுத்துடறாரு, ஒரு விஷயத்தை முழுசா சொல்ல விடறதில்லை. சில நாள் பழைய பழக்கம் தலைகாட்டி, அவர் கண் பட்டறைக்குப் போய்விடும். அவள் உடனே பேச்சை நிறுத்திவிடுவாள். அவர் வெட்கப்பட்டுத் திரும்பி வருவார்.

பெரிய சண்டை தராசைப் பற்றி வந்தது. கிளையில் பார்சல் எடை போடும் மின்தராசு அடிக்கடி தப்பாகக் காட்டுவதாக அவள் சொன்னாள். எங்கே வைத்திருக்கிறாய் என்றார். கதவோரம், வரிசை அங்கேதான் நிற்கிறது என்றாள். கதவு அடித்தால் தரை அதிரும், எந்தத் தராசு நிலையாக நிற்கும், சுவரோரம் சமதளத்தில் வை என்றார். சுவரோரம் வைத்தால் வரிசை திரும்பிப் போக இடமில்லை, உங்களுக்கு மெஷின் தெரியும், ஜனங்களைத் தெரியாது என்றாள். ஜனங்கள் நகர்ந்து நிற்பார்கள், தராசு நகர்ந்து நிற்காது என்றார். சாப்பிட்டு முடித்தும் சண்டை முடியவில்லை.

ஒரு புதன்கிழமை, மகளுக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டியிருந்தது. பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர் அக்கரைக்கு பஸ் ஏறினார். அந்தக் கிளையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு ஜன்னல், ஆற்றைப் பார்த்து. தராசு கதவோரமும் இல்லை, சுவரோரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், ஒரு காலுக்குக் கீழே நாலாக மடித்த அட்டையோடு, ஆடாமல் நின்றது. கவுண்டருக்குப் பின்னால் அவள் யாரோ ஒரு கிழவர் சொல்லும் நீளமான விலாசத்தைப் பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தாள். இவரைக் கவனிக்கவில்லை. அவர் கூப்பிடவில்லை. பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் ஆறாவது ஆளாகப் போய் நின்றார்.